காட்டுப் பங்கு

என் ஒரு கையில் டீ பிளாஸ்க். இன்னொரு கையில் இரண்டு டம்ளர். காலை ஆறரை இருக்கும். ஆனி மாசக் கடைசி. தோப்பில் தரை ஈரமாக இருந்தது. காய் பறித்த மறுநாள் மாங்காய்ப் பால் வாசனை மூக்கில் ஏறும். அன்றைக்கும் ஏறியது.

மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார், கவிழ்த்துப் போட்ட ஒரு கிரேட்டின் மேல். கையில் போன். ஆஸ்திரேலியாவில் இருக்கும் எங்கள் பெண் ரேவதியோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். அவள் மடியில் குழந்தை. குழந்தைக்கு ஏதோ மூஞ்சி காட்டிக்கொண்டிருந்தார்.

அவருக்குப் பின்னால் காய் நிரப்பிய கிரேட்டுகள் பத்து. டிராக்டருக்காகக் காத்திருந்தன.

கிரேட்டுகளுக்குப் பின்னால் யானை.

நான் நின்றுவிட்டேன்.

ஒற்றைக் கொம்பு. பெரிய உடம்பு. காது ஆடவில்லை. தும்பிக்கை நுனி மட்டும் கிரேட்டுப் பக்கமாக அசைந்தது. அதற்கும் அவருக்கும் நடுவில் ஒரு மாட்டு வண்டி நிறுத்துகிற இடம்தான்.

கத்தலாம். கத்தினால் அவர் திரும்புவார். பதறி எழுவார். யானை மிரளும். மிரண்ட யானை என்ன செய்யும் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கத்தாவிட்டால் அவருக்குத் தெரியவே தெரியாது. அவருக்கு வலது காது கேட்காது.

அந்த யானை அவ்வளவு உள்ளே வந்ததற்கு நான்தான் காரணம். போன வாரம் இதே பக்கத்தில் கரடியைப் பற்றி எழுதினேன். அதில் தப்பு கரடி மேல். இதில் அப்படி இல்லை.

கடைசி மரம்

எங்கள் தோப்பு பங்காருபாளையத்திலிருந்து மலைப் பக்கமாகப் போனால் வரும். மூன்று பக்கம் மற்றவர்கள் தோப்பு. மேற்கே ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் காடு.

நான் பிறந்தது நகரியில். வீட்டை ஒட்டிய கொட்டகையில் எட்டு பவர்லூம். ஐந்தாவது வரை படித்தேன். அப்புறம் தறிதான். எட்டும் ஒரே நேரத்தில் ஓடினால் வாயால் பேசிப் பிரயோசனம் இல்லை. கையால் பேசுவோம். இரண்டு விரலைக் கத்தரி மாதிரி காட்டினால் நூல் அறுந்துவிட்டது. உள்ளங்கையைத் தரைப் பக்கம் வைத்து மெல்ல அசைத்தால் நிதானமாக ஓட்டு, நிறுத்தாதே. கட்டை விரலால் நெஞ்சைத் தட்டினால் என்கிட்டே வா.

கல்யாணமாகி இங்கே வந்தபோது என்னை ஊமை என்று நினைத்தார்கள். ஒரு வாரம் கழித்து நான் உப்பு கேட்டேன். மாமனார் வெளியே போய், "எங்க மருமக பேசுது, பேசுது" என்று நாலு பேரிடம் சொல்லிவிட்டு வந்தார்.

எங்கள் வீட்டுக்காரர் எனக்கும் சேர்த்துப் பேசுவார். அதனால் குறை ஒன்றும் தெரியவில்லை.

மாமனார் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஓடைக்கரையில் நிற்கும் கடைசி மரத்தில் காய் பறிக்க மாட்டார். அது காட்டுப் பங்கு. கிளியோ, குரங்கோ, கரடியோ, வருகிறது துன்னட்டும் என்பார். பறிக்கிற ஆட்கள் முந்தின மரத்தோடு கொக்கியை இறக்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு பதினைந்து நாள் அந்தப் பக்கம் அவர் போகவும் மாட்டார், யாரையும் போக விடவும் மாட்டார். வந்தது யார் என்று கேட்டதும் இல்லை.

மாமனார் போன பிறகு எங்கள் வீட்டுக்காரர் அதில் கை வைத்தார். மரத்தில் விட்டால் யார் வந்தார்கள் என்று தெரியவில்லை என்றார். காயைப் பறித்து ஓடைக்கு இந்தப் பக்கம் ஒரு கல் மேல் குவித்தார். மறு வருஷம் இன்னும் கொஞ்சம் உள்ளே, வரப்பு ஓரம். அதற்கடுத்த வருஷம் மோட்டார் ரூமிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரிகிற இடம்.

"எதுக்கு இவ்ளோ கிட்ட?" என்று கேட்டேன்.

"பாக்கணும்மே. நம்ம ஊட்டுக்கு துன்ன வந்தவங்க மூஞ்சிய பாக்காம சோறு போடுறதா?"

 கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

ஒரு காது

யானைகள் பிறகுதான் வந்தன. மாமனார் காலத்தில் கிடையாது. முதலில் இரண்டு, அப்புறம் கூட்டமாக. கிளையை ஒடித்தன, பைப்பை மிதித்தன. எல்லோரும் பட்டாசு வெடித்தோம். நாங்களும்தான்.

ஒரு நாள் பொழுது சாய்கிற நேரம். அவர் வீசின வெடி கையை விட்டதுமே வெடித்தது. தலைக்குப் பக்கத்தில். திருப்பதிக்குக் கொண்டு போனோம். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இடது காது பிழைத்தது என்றார். வலது காதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவர் முதலில் கேட்டது: "யானைங்க இன்னா ஆச்சு?"

"போயிடுச்சு."

புத்தலப்பட்டு வரைக்கும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். அப்புறம் சொன்னார். "அதுங்களுக்கு எவ்ளோ பெரிய காது. நமக்கே இப்படின்னா அதுங்களுக்கு எப்படி வலிச்சிருக்கும்."

அதோடு பட்டாசை விட்டுவிட்டார். தூரத்தில் நின்று பேசுவதுதான். அதுவும் தெலுங்கில்.

"ஏன், தமிழ்ல பேசினா ஆவாதா?"

"தெலுங்கு காட்டுல பொறந்தது மே. உன்ன மாதிரி நகரிக்காரியா?"

அந்த ஒற்றைக் கொம்பனுக்கு அவர் வைத்த பெயர் பெத்தாயன. தெலுங்கில் பெரியவர். வரப்பில் நின்றுகொண்டு, "பெத்தாயனா, கோபம் வத்து, தினேசி வெள்ளண்டி" என்பார். கோபம் வேண்டாம், தின்றுவிட்டுப் போங்கள் என்று அர்த்தம். பெரியவர் தின்றுவிட்டுப் போவார். தான் சொன்னதால்தான் போனார் என்று இவர் சொல்லிக்கொண்டு திரிவார்.

மார்கழியில் மாம்பழம்

ரேவதி திருப்பதியில் நர்சிங் படித்தவள். கல்யாணமாகி ஆஸ்திரேலியா போனாள். குயின்ஸ்லாந்து என்று ஒரு மாநிலம். அதில் வடக்கே ஒரு சின்ன ஊர். அவள் பிரசவத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் போனோம்.

அது மார்கழி மாசம். இறங்கினால் வெயில். வீட்டுக்குப் பின்னால் ஒரு மாமரம், நிறையப் பழம். எங்கள் வீட்டுக்காரர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மரத்தடியில் நின்றார்.

"மார்கழியில மாம்பழமா? பெருமாளே, இவங்க இன்னா தலைகீழா பொறந்தாங்களா?"

மரத்தைத் தாண்டி ஒரு கம்பி வேலி. அங்கங்கே இடுப்புக்குச் சாய்ந்திருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் காடு. எங்கள் தோப்பு மாதிரியேதான் இருந்தது. அதனால்தான் அவருக்கு அங்கே ஊர் ஞாபகம் அதிகம்.

பக்கத்து வீட்டில் ஒரு கிழவர். தனி ஆள். முதல் நாளே வந்து எச்சரிக்கை சொன்னார். ஆற்றங்கரைக்குப் போகாதீர்கள், முதலை உண்டு. புல்லில் செருப்பில்லாமல் நடக்காதீர்கள். உங்கள் வீட்டுக் கூரைக்குள் ஒரு மலைப்பாம்பு குடியிருக்கிறது, அது எலி பிடிக்கும், தொந்தரவு கிடையாது. ரேவதி தமிழில் சொன்னாள். நான் அன்று முழுக்கக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்காரர், "நமக்கு முன்னாடி வந்த விருந்தாளி, விடு" என்றார்.

மூன்றாம் நாள் காலை நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"ஏமே, உள்ள இன்னாவோ அதிருது."

எனக்கு வேறு பயம். ரேவதியைக் கூப்பிட்டேன். அவள் ஒன்பது மாச வயிற்றோடு வந்து நாடியைப் பிடித்தாள். அப்போது எனக்கும் அதிர்ந்தது. ரேவதிக்கும். சத்தம் காதில் கேட்கவில்லை, நெஞ்சில் கேட்டது.

காட்டிலிருந்து ஒரு பறவை வந்தது. என் உயரம். உடம்பெல்லாம் கரடி மாதிரி கறுப்பு மயிர். கழுத்து மட்டும் மயில் நீலம். தொண்டையில் இரண்டு சிவப்புச் சதை தொங்கியது. தலையில் கொம்பு மாதிரி ஒரு மேடு. காலில் மூன்று விரல். உள் விரலில் நகம் இல்லை, கத்தி. அதன் பின்னால் மூன்று குஞ்சுகள். உடம்பில் வரி வரியாக, காட்டுப்பன்றிக் குட்டி மாதிரி.

காசோவரி என்று பெயராம். எங்கள் வீட்டுக்காரர் கோழி என்றார். கடைசி வரைக்கும் கோழிதான்.

"நைனா, அது கோழி இல்ல. உதைச்சா குடல் சரிஞ்சிடும். கிட்ட போவாதீங்க" என்றாள் ரேவதி. கிழவர் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாராம். கிட்டே வந்தால் ஓடக்கூடாது. முதுகு காட்டக்கூடாது. கையில் இருப்பதை முன்னால் பிடித்துக்கொண்டு மெல்லப் பின்னால் வரவேண்டும்.

இன்னொன்றும் சொன்னாள். குஞ்சுகளோடு வந்தது ஆண். முட்டையிட்டதும் பெட்டை போய்விடும். அடைகாப்பதும் வளர்ப்பதும் அப்பன்தான்.

அதைக் கேட்டதும் அவருக்கு அந்தக் கோழி என்றால் உயிர் என்று ஆகிவிட்டது. "பாத்தியா? பொம்பள இல்லாம மூணு பிள்ளைங்கள வளக்குறான்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் ஏதோ விட்டுவிட்டுப் போனவள் மாதிரி.

மறுநாள் வேலி ஓரம் இரண்டு மாம்பழம் இருந்தது. நான் பார்த்தேன். கோழி வந்து முழுசாக விழுங்கியது. அதற்கு மறுநாள் பழம் துணிக்கொடிக்குக் கீழே இருந்தது. அப்புறம் பின்வாசல் படியில்.

வேண்டாம் என்று கை காட்டினேன். அவர், இது ஒன்றுதான் என்று கை காட்டினார். வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். ரேவதியிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

துணிக்கூடை

ஒரு வாரம் போயிருக்கும். ரேவதி பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வேலைக்குப் போய்விட்டார். எங்கள் வீட்டுக்காரர் படியில் உட்கார்ந்து பழம் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் சமையலறைக் கதவில்.

கோழி வந்தது. இந்த முறை காத்திருக்கவில்லை. சாய்ந்த வேலியைத் தாண்டி நேராக உள்ளே வந்தது. குஞ்சுகள் பக்கவாட்டில் ஓடி வந்தன. ஒரு குஞ்சு துணிக்கொடிக்கு அடியில், ரேவதியின் காலுக்குப் பின்னால் போய் நின்றது.

அவ்வளவுதான். அப்பன் கழுத்தைத் தாழ்த்தினான். மயிர் சிலிர்த்தது. அந்த அதிர்வு தரையிலிருந்து வந்தது.

ரேவதி அசையாமல் நின்றாள். என்னைப் பார்த்தாள். எங்கள் வீட்டுப் பெண்ணுக்குக் கைப்பேச்சு தெரியும். உள்ளங்கையைத் தாழ்த்தினேன். மெல்ல, நிறுத்தாதே. கட்டை விரலால் நெஞ்சைத் தட்டினேன். அவள் துணிக்கூடையை வயிற்றுக்கு முன்னால் பிடித்தாள். பின்பக்கமாக ஒரு அடி. இன்னொரு அடி.

கோழி குதித்து உதைத்தது. கூடையின் பிளாஸ்டிக் கிழிந்தது. அவள் விழவில்லை.

எங்கள் வீட்டுக்காரர் கையிலிருந்த பழத்தை வேலிக்கு அப்பால் எறிந்தார். தட்டையும் எறிந்தார். "வெள்ளு சாமி, வெள்ளு", போ போ என்று தெலுங்கில் கத்தினார். கோழி பழம் விழுந்த பக்கம் திரும்பியது. குஞ்சும் பின்னால் ஓடியது. ரேவதி கதவுக்குள் வந்துவிட்டாள்.

கூடையில் ஒரு முழம் கிழிசல். அவள் அதைத் தூக்கிப் போடவில்லை. இன்னும் அதில்தான் துணி எடுக்கிறாள்.

சத்தம் கேட்டுக் கிழவர் வந்தார். படியில் கிடந்த மாங்கொட்டைகளைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. கோபப்படவில்லை. ரேவதியிடம் நிதானமாகச் சொன்னார். பழம் கொடுத்தால் அது காட்டை விட்டு வீட்டைத் தேடும். ஆளை உதைக்கும். அப்புறம் அதைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். அப்பன் போனால் குஞ்சுகள் மிஞ்சாது. இந்த ஒரு தடவை தான் யாருக்கும் சொல்லப் போவதில்லை என்றார்.

ரேவதி அதைத் தமிழில் சொன்னாள். எங்கள் வீட்டுக்காரர் தலை குனிந்தபடி கேட்டார்.

"நம்மாலயா?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு ஐந்தாறு நாள் கோழி வந்தது. படிக்குப் பக்கத்தில் நிற்கும். நெஞ்சில் அதிரும். நாங்கள் திரையை இழுத்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருப்போம். அவர் திரையைத் தொடவில்லை. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "வந்துட்டான்" என்பார். கொஞ்ச நேரம் கழித்து, "போயிட்டான்" என்பார்.

ஏழாம் நாள் வரவில்லை. குழந்தை பிறந்தது எட்டாம் நாள்.

மலைப்படி

ஊர் திரும்பினோம். ரேவதிக்கு நல்லபடி ஆனால் நடந்து வருகிறேன் என்று நான் திருமலைக்கு வேண்டியிருந்தேன். மாசியில் போனோம்.

அந்தச் சமயம் படி ஏறுகிறவர்கள் கையில் தடி வைத்திருந்தார்கள். சிறுத்தை நடமாட்டம் என்று பேச்சு. எங்களிடமும் ஒரு தடி இருந்தது. "இத வெச்சிகினு சிறுத்தைய இன்னா பண்றது?" என்று கேட்டேன்.

"கால் வலிச்சா அதுக்கு ஊன்றதுக்கு குடுக்கலாம்" என்றார்.

பாதி தூரத்தில் கூட்டம் நின்றுவிட்டது. முன்னால் புதரில் ஏதோ அசைகிறது என்றார்கள். நின்றவர்கள் பின்வாங்கினார்கள். எங்கள் வீட்டுக்காரர் மட்டும் முழங்கால் வலியை மறந்து இரண்டு படி மேலே ஏறிக் கழுத்தை நீட்டினார்.

நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"வுடுமே, ஒரே ஒரு தடவ பாத்துக்குறேன்."

புதரிலிருந்து நாய் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கிழிந்த கூடை அவருக்கு மறந்துவிட்டது என்று தோன்றியது. இந்த வருஷம் தோப்பில் பங்கு கிடையாது என்று அந்தப் படியிலேயே முடிவு செய்தேன்.

அவரிடம் சொல்லவில்லை.

பத்து கிரேட்டு

ஆனிக் கடைசியில் காய் பறிப்பு முடிகிற நாள். அவர் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் புத்தலப்பட்டு போயிருந்தார். பறிக்கிற ஆட்கள் வழக்கம்போல முந்தின மரத்தோடு கொக்கியை இறக்கினார்கள்.

"அதையும் பறிங்க" என்றேன்.

மேஸ்திரி என்னைப் பார்த்தார். "அக்கா, அது காட்டோடதாச்சே?"

"பறிங்க."

ஒரு காய் விடாமல் பறித்தார்கள். பத்து கிரேட்டு வந்தது. மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் அடுக்கினார்கள். மற்ற மரத்துக் காய் எல்லாம் ஏற்கெனவே போய்விட்டது, இதற்கு மறுநாள் காலை டிராக்டர் வரும். துன்ன ஒன்றும் இல்லை என்றால் யானை ஓடையோடு திரும்பிவிடும் என்று நினைத்தேன். பறித்த காய் அதே தோப்பில்தான் இருக்கிறது, அதற்கு மூக்கு இருக்கிறது என்பது தோன்றவில்லை. அவ்வளவுதான் என் புத்தி.

அவர் ராத்திரி வந்து படுத்தார். காலையில் எனக்கு முன்னால் எழுந்து தோப்புக்குப் போனார். நான் டீ போட்டு எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

மீதி, முதலில் சொன்னதுதான். பெரியவர் கடைசி மரத்துக்கு வந்திருக்கிறார். மரம் மொட்டை. தும்பிக்கையைத் தூக்கியிருக்கிறார். வாசனை வந்த பக்கம் நடந்திருக்கிறார். இவர் அந்த வாசனைக்கு நடுவில் உட்கார்ந்து பேத்திக்கு மூஞ்சி காட்டிக்கொண்டிருந்தார்.

பிளாஸ்க்கைத் தரையில் வைத்தேன். டம்ளர்களை ஒன்றோடொன்று இடிக்காமல் வைத்தேன். கையைக் காலி செய்துகொண்டேன். ஆனால் அவர் நிமிர வேண்டுமே. நிமிரவில்லை. போனுக்குள்தான் இருந்தார்.

அப்போது போனில் ரேவதியின் குரல் மாறியது. அவளுக்கும் தெரிந்துவிட்டது. அவர் தோளுக்குப் பின்னால் ஒரு கொம்பு தெரிந்ததாம், பிறகு சொன்னாள். காலைக் காற்றில் அவள் பேசியது எனக்கும் கேட்டது. கத்தவில்லை. ஆஸ்பத்திரியில் நோயாளியோடு பேசுகிற குரல்.

"நைனா, பேச்ச நிறுத்தாதீங்க. பேசிக்கினே மெல்ல நிமிந்து அம்மாவ பாருங்க. பின்னால திரும்பாதீங்க."

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது.

"கோழியா?" என்று கேட்டார்.

"கோழி இல்ல நைனா. பெரியவரு."

அவர் நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. உள்ளங்கையைத் தாழ்த்தினேன். மெல்ல. நிறுத்தாதே. கட்டை விரலால் நெஞ்சைத் தட்டினேன்.

எழுந்தார். முழங்கால் சொடுக்கியது. யானையின் காது ஒரு தடவை முன்னால் வந்தது. நான் மறுபடியும் கையைத் தாழ்த்தினேன். அது அவருக்கா யானைக்கா என்று எனக்கே தெரியவில்லை.

நடந்தார். பேசிக்கொண்டே நடந்தார். "பாரும்மா கண்ணு, இது கிளிமூக்கு மாங்கா, மூக்கு பாரு, கிளி மாதிரி, உங்க ஊர்ல மார்கழியில காய்க்குது, எங்க ஊர்ல ஆனியில, ரெண்டும் ஒண்ணுதான் கண்ணு, ரெண்டும் இனிப்புதான்" என்று என்னென்னவோ. குரல் கம்பி மாதிரி மெலிந்து போயிருந்தது. நிற்கவில்லை.

பின்னால் பெரியவர் ஒரு அடி வைத்தார். மேல் கிரேட்டைத் தூக்கினார். கவிழ்த்தார். காய்கள் உருண்டன. ஒரு காய் உருண்டு வந்து எங்கள் வீட்டுக்காரர் காலைத் தாண்டி முன்னால் போனது. அவர் அதை மிதிக்காமல் ஒதுங்கி நடந்தார்.

பேத்தியிடம் பேசுவதை விட்டுவிட்டு, முன்னால் பார்த்தபடியே தெலுங்குக்கு மாறினார். "பெத்தாயனா, அந்தா மீதே. தினேசி வெள்ளண்டி." எல்லாம் உங்களுடையதே.

என்கிட்டே வந்து சேர்ந்தார். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். ஈரமாக இருந்தது. இரண்டு பேரும் பின்பக்கமாகவே நடந்து வண்டிப்பாதைக்கு வந்தோம். பெரியவர் எங்களைப் பார்க்கவே இல்லை. மும்முரமாகத் தின்றுகொண்டிருந்தார்.

"கிரேட்டு அதிர்ந்துச்சு மே" என்றார். "டிராக்டர் வருதுன்னு நெனச்சிகினு இருந்தேன்."

போனில் ரேவதி அழுதாள். அவர் போனைத் தூக்கிப் பிடித்தார்.

"ஏண்டி அழுவுற? உன் கோழிய விட மரியாதையானவரு. ஒரு ஒதை ஒதைக்கல பாரு."

போனை வைத்தார். தூரத்தில் கிரேட் உடைகிற சத்தம். அவர் அந்தப் பக்கம் பார்த்தார். "எந்த மரத்து காயி அது?"

இதற்குக் கைப்பேச்சு கிடையாது. வாயைத் திறந்தேன்.

"கடைசி மரம். நான்தான் பறிக்கச் சொன்னேன்."

"தெரியும். காத்தாலயே பாத்தேன். மொட்டையா நின்னுச்சு."

"அப்ப ஏன் திட்டல?"

"புள்ளகிட்ட பேசி முடிச்சிட்டு திட்டலாம்னு இருந்தேன்."

பிளாஸ்க்கும் டம்ளர்களும் தோப்பிலேயே கிடந்தன. டீ குடிக்காமல் வீட்டுக்கு நடந்தோம். பாதி வழியில் நின்றார்.

"எங்க நைனா மரத்த தான் வுட்டாரு. குவிச்சி வெக்கல. அவரு பாக்கணும்னு ஆசப்படல. நான் ஆசப்பட்டேன்."

"நான் பயந்தேன்" என்றேன். "சொல்லாம பண்ணிட்டேன்."

அவர் திட்டவில்லை. இன்றைக்கு வரைக்கும் திட்டவில்லை. அந்தக் கணக்கு பாக்கி இருக்கிறது என்று மட்டும் அவ்வப்போது சொல்வார்.

இடது பக்கம்

அடுத்த வருஷம் பறிப்பு முடிகிற நாளில் மேஸ்திரி என்னைப் பார்த்தார். கடைசி மரத்தை விட்டுவிடுங்கள் என்றேன். கல் மேல் ஒன்றும் வைக்கவில்லை. வரப்பில் ஒன்றும் வைக்கவில்லை. பதினைந்து நாள் மேற்குப் பக்கம் யாரும் போகவில்லை. மாமனார் வைத்த மாதிரி.

அவருக்கு அந்தப் பதினைந்து நாளும் பெரிய கஷ்டம். தோப்பின் கிழக்கு மூலையில் உட்கார்ந்துகொண்டு காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பார். இரண்டு தடவை நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். பேத்தி மேல் சத்தியம் செய்திருந்தார். அதனால் எழுந்து போகவில்லை.

நடுவில் ரேவதி போன் செய்தாள். ஒரு கோழி வந்ததாம். வரி எல்லாம் போய்ப் பழுப்பாகி, வளர்ந்த குஞ்சு. படியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றதாம்.

"நான் ஒண்ணும் குடுக்கல நைனா. போயிடுச்சு."

"நல்லா இருக்குதா?"

"நல்லா இருக்குது."

"அது போதும்" என்றார். போனை வைத்துவிட்டு மறுபடி கிழக்கு மூலைக்குப் போனார். 

பதினாறாம் நாள் யானைகள் மலைக்கு அந்தப் பக்கம் இறங்கிவிட்டன என்று வனத்துறை ஆள் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் வீட்டுக்காரர் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். நான் மட்டும் போனேன். முழுசாகச் சுற்றிப் பார்த்தேன். அவசரப்படவில்லை.

திரும்பி வந்தபோது வாசலில் நின்றிருந்தார்.

"வந்தாரா?"

ஆமாம் என்று கை தூக்கப் போனேன். தூக்கவில்லை. அவரை உள்ளே கூட்டி வந்து உட்கார வைத்தேன். கேட்கிற காது பக்கம், இடது பக்கமாக உட்கார்ந்தேன்.

ஓடை மணலில் இருந்த முதல் காலடியிலிருந்து ஆரம்பித்தேன். என் விரல் நுனியிலிருந்து முழங்கை வரைக்கும் நீளம், நாலு விரல் ஆழம் என்றேன். கரையேறுகிற இடத்தில் ஒரு தடவை சறுக்கியிருக்கிறார், மண் சரிந்திருக்கிறது என்றேன். ஒரே ஒரு கிளைதான் ஒடிந்தது, அதுவும் மேற்குப் பக்கத்துக் கிளை, கவாத்து செய்கிற மாதிரி சுத்தமாக ஒடித்திருக்கிறார் என்றேன். மரத்தில் முதுகைத் தேய்த்த இடம், அதில் ஒட்டியிருந்த சேறு, என் கை எட்டாத உயரம் என்றேன். ஓடைக்கு அந்தப் பக்கம், அவர் போட்ட பழைய சாணம் கிடந்த இடங்களில், மாங்கன்று முளைத்திருக்கிறது என்றேன். எண்ணிப் பார்த்தேன், ஏழு. யாரும் நட்டதில்லை.

தொண்டை வறண்டுவிட்டது. தண்ணீர் குடிக்க எழுந்தேன்.

அவர் என் புடவை நுனியைப் பிடித்துக்கொண்டார்.

"அப்புறம்?" என்றார்.